ஸ்பினோசா சொல்வதுபோல், கோபத்தைப் புரிந்துகொண்டால் கோபம் போய்விடுமா?

மருதமரம்

மூன்று மாதமாக, 17ஆம் நூற்றாண்டு டச்சுத் தத்துவவாதி ஸ்பினோசாவின் 'எத்திக்ஸ்' நூலை ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்துக்கொண்டிருக்கிறேன். வடிவகணிதப் புத்தகம்போல வரையறை, தேற்றம், நிரூபணம் என்று எழுதப்பட்ட நூல். முதல் இரண்டு பாகத்தையும் பாதி புரிந்தும் பாதி புரியாமலும்தான் கடந்தேன். மூன்றாம் பாகம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். மனிதர்களின் செயல்களையும் ஆசைகளையும் கோடு, தளம், கனஉருவம் பற்றி எழுதுவதுபோலவே எழுதப்போகிறேன் என்று முன்னுரையில் சொல்கிறார். திட்டவும் மாட்டாராம், கேலி செய்யவும் மாட்டாராம். சொன்னபடியே ஒவ்வொரு உணர்ச்சிக்கும் வரையறை வைத்துக்கொண்டே போகிறார். மகிழ்ச்சி என்பது நம் ஆற்றல் கூடுகிற நகர்வு, துயரம் என்பது அது குறைகிற நகர்வு. அந்த மகிழ்ச்சியோடு வெளியே இருக்கிற ஒரு காரணத்தின் நினைப்பும் சேர்ந்தால் அது அன்பு. துயரத்தோடு சேர்ந்தால் வெறுப்பு. இவ்வளவு எளிமையாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

என் சிக்கல் இதுதான். நான்காம் பாகம், 7ஆம் தேற்றம்: ஓர் உணர்ச்சியை அடக்கவோ நீக்கவோ அதைவிட வலுவான எதிர் உணர்ச்சியால்தான் முடியும். ஆனால் ஐந்தாம் பாகம், 3ஆம் தேற்றம்: நம்மை ஆட்டிப்படைக்கிற ஓர் உணர்ச்சியைப் பற்றித் தெளிவான கருத்து நமக்கு உண்டானதுமே அது நம்மை ஆட்டிப்படைப்பதை நிறுத்திவிடும். முதலில் அறிவால் முடியாது என்கிறார், பிறகு அறிவால்தான் முடியும் என்கிறார். இவ்வளவு கவனமாக எழுதுகிற மனிதர் இதைப் பார்க்காமலா விட்டிருப்பார்?

இதைப் படிப்புக்காக மட்டும் கேட்கவில்லை. நான்கு வருடத்துக்கு முன் அப்பா இறந்தார். இரவு பத்தரை மணிக்கு நெஞ்சு எரிகிறது என்றிருக்கிறார். அண்ணன் வாயுத் தொல்லை என்று ஓம வாட்டர் கொடுத்து, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்க வைத்துவிட்டார். விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் அப்போது புனேயில் இருந்தேன். அன்றிலிருந்து அண்ணனிடம் பேசுவதில்லை. போன வருடம் என் மகளின் காதுகுத்துப் பத்திரிகையில் பெரியப்பா பெயரைப் போடவில்லை. அச்சகத்துக்காரர் "பெரியப்பா பேர் விட்டுப்போச்சே சார்" என்று ஃபோனில் கேட்டபோது "விட்டுப்போகல" என்று சொன்னேன். அந்தக் குரல் எனக்கே பிடிக்கவில்லை. கோபம் என்றால், வெறுக்கிறவருக்குத் தீங்கு செய்யத் தூண்டும் விருப்பம் என்று ஸ்பினோசா வரையறுக்கிறார். நான் செய்தது அதேதான், நன்றாகத் தெரிகிறது. ஆனால் தெரிந்ததால் ஒன்றும் குறையவில்லையே?

நிழற்குடை

நல்ல இடத்தில்தான் முட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த இரண்டு தேற்றங்களுக்கும் நடுவில் ஒரு பாலம் இருக்கிறது, நான்காம் பாகம் 14ஆம் தேற்றம். அதை நீங்கள் வேகமாகத் தாண்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் முதல் தடவை தாண்டிவிட்டேன். நல்லது கெட்டது பற்றிய உண்மையான அறிவு, உண்மை என்ற ஒரே காரணத்தால் எந்த உணர்ச்சியையும் அடக்காது, அந்த அறிவே ஓர் உணர்ச்சியாக இருக்கும் அளவுக்குத்தான் அடக்கும் என்கிறார். அதாவது அறிவு ஒரு பக்கம், உணர்ச்சி ஒரு பக்கம், நடுவில் கயிறு இழுக்கும் போட்டி என்ற படமே அவரிடம் இல்லை. ஒரு விஷயம் உண்மையாகவே விளங்கும்போது நம் மனதின் ஆற்றல் கூடுகிறது, அந்தக் கூடுதலுக்குப் பெயர்தான் மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சி போய் வெறுப்போடு மோதுகிறது. உணர்ச்சியை உணர்ச்சிதான் வெல்கிறது, 7ஆம் தேற்றம் அப்படியே நிற்கிறது.

அவருக்கு முன்னால் பிரெஞ்சுத் தத்துவவாதி டெக்கார்ட் 1649இல் உணர்ச்சிகளைப் பற்றி ஒரு நூலே எழுதினார். பொஹீமிய இளவரசி எலிசபெத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்திலிருந்து கிளைத்த நூல் அது. உடம்பே இல்லாத ஆன்மா எப்படி உடம்பை அசைக்கும் என்று 1643இலேயே அவள் கேட்டுவிட்டாள். கடைசிவரை அவருக்கு அதற்கு உருப்படியான பதில் அமையவில்லை. எவ்வளவு பலவீனமான ஆன்மாவும் சரியாகப் பழக்கினால் தன் உணர்ச்சிகளின் மேல் முழு அதிகாரம் பெறலாம் என்று டெக்கார்ட் நம்பினார். ஸ்பினோசா ஐந்தாம் பாகத்தின் முன்னுரையில் அந்த நம்பிக்கையைத்தான் போட்டு உடைக்கிறார். மனிதன் இயற்கையின் ஒரு துண்டு. அதனால் உணர்ச்சிகளுக்கு ஆட்படாமல் இருக்கவே முடியாது என்பது அவர் நிலை. பகுத்தறிவுவாதி என்றதும் உணர்ச்சிகளை ஒழிக்கச் சொல்கிறவர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டாலே வருத்தமாக இருக்கும்.

சூரியன் உதாரணத்தை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். நிமிர்ந்து பார்த்தால் சூரியன் ஓர் இருநூறு அடி தூரத்தில் இருப்பதுபோல் தெரிகிறது. உண்மையான தூரத்தைப் படித்துத் தெரிந்துகொண்ட பிறகும் அது அப்படியேதான் தெரியும். தெரிவது மாறாது, ஏமாறுவதுதான் நிற்கும். உங்கள் கோபமும் அப்படித்தான் என்று எனக்குப் படுகிறது. "இது வெறுப்பு, இதன் வரையறை இது" என்று பெயர் சொல்லத் தெரிவது அவர் சொல்கிற தெளிவான கருத்து ஆகாது. பெயர் தெரிந்தால் காய்ச்சல் இறங்குமா?

அப்புறம் ஒன்று. அவர் லத்தீனில் 'அஃபெக்டஸ்' என்கிறார். உடம்பின் செயல்வலு கூடுவதும் குறைவதும், கூடவே அவற்றைப் பற்றிய மனதின் கருத்தும், இரண்டும் சேர்ந்தது அது. நாம் உணர்ச்சி என்று எழுதுகிறோம், சரிதான். ஆனால் நம் பழைய இலக்கணத்தில் இருக்கிற மெய்ப்பாடு என்ற சொல்லில் உடம்பு உள்ளேயே இருக்கிறது. மொழிபெயர்க்கிறவர்கள் யாராவது அதை முயன்று பார்க்கலாம்.

செவ்வந்தி கே

நான் தத்துவம் படித்தவள் இல்லை. இருபது வருடம் அவசரப் பிரிவில் செவிலியராக இருந்தவள். என் மகன் இந்த நூலைப் படிக்கிறான், அவன் வாசித்துக் காட்டிய இடங்களை வைத்து எழுதுகிறேன், தவறிருந்தால் சொல்லுங்கள்.

எல்லாம் அவசியத்தால் நடக்கிறது என்று புரிந்துகொண்டால் துயரம் குறையும் என்று ஐந்தாம் பாகத்தில் சொல்கிறாராம். குழந்தைக்குப் பேசத் தெரியவில்லை, நடக்கத் தெரியவில்லை என்று யாரும் பரிதாபப்படுவதில்லை, ஏனென்றால் அது இயற்கை என்று ஓர் உதாரணமும் இருக்கிறது. அதைக் கேட்டு எனக்குக் கோபம்தான் வந்தது. வார்டு வாசலில் நின்றுகொண்டு "விதி, அவ்வளவுதான்" என்று சொல்கிற பெரியவர்களை ஆயிரம் தடவை பார்த்துவிட்டேன். அழுகிற பெண்ணின் வாயை அடைக்கத்தான் அந்த வார்த்தை பயன்படும். ஏன் தாமதமாகக் கூட்டி வந்தார்கள், யார் வேண்டாம் என்றது, ஒன்றையும் அதற்கு மேல் கேட்க முடியாது. ஸ்பினோசா சொல்வதும் அதுதான் என்றால் எனக்கு அவர் வேண்டாம்.

மருதமரம் தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். நெஞ்சு எரிச்சலையும் மாரடைப்பையும் வீட்டில் இருப்பவர்கள் பிரித்துப் பார்ப்பது எளிதில்லை. வயதானவர்களுக்கும் சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கும் வலியே பெரிதாக இல்லாமல்கூட மாரடைப்பு வரும், வெறும் அசதி, வியர்வை, வயிற்றுப் பிரட்டல் என்று. அதனால்தான் நெஞ்சில் எது வந்தாலும் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். உங்கள் அண்ணனுக்கு வக்காலத்து வாங்குவதாக நினைக்காதீர்கள். தாமதம் தாமதம்தான். அதைத் தாமதம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

கணக்கு டீச்சர்

செவ்வந்தி அக்கா கேட்டதுதான் இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி, அதனால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

விதி என்றால் நீ என்ன செய்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்று பொருள். அங்கே காரணம் கேட்க வேண்டிய வேலையே இல்லை. ஸ்பினோசா சொல்கிற அவசியம் இதற்கு நேர் எதிர்ப்பக்கம். இது நடந்தது, ஏனென்றால் இன்னது நடந்தது, அது நடந்தது, ஏனென்றால் அதற்கு முன் இன்னது நடந்தது என்று ஒவ்வொரு கண்ணியாகப் பின்னால் போக வேண்டும். வேறு காரணம் இருந்திருந்தால் வேறு விளைவு வந்திருக்கும். முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து 180 பாகை என்பது முக்கோணத்தின் விதி என்று சொல்லிவிட்டு நகர முடியாது, நிரூபிக்க வேண்டும். நான் வகுப்பில் தினம் பார்க்கிறேன், விடையை மனப்பாடம் செய்த பிள்ளையின் முகம் ஒரு மாதிரி இருக்கும், இணைகோட்டை வரைந்து ஒன்றுவிட்ட கோணங்களைக் குறித்துத் தானே கண்டுபிடித்த பிள்ளையின் முகம் வேறு மாதிரி இருக்கும். போன வாரம் பின் பெஞ்சுப் பையன் ஒருவன் அந்த இடத்தில் "அட" என்று சத்தமாகவே சொல்லிவிட்டான். நிழற்குடை சொன்ன மகிழ்ச்சி எனக்கு அந்த "அட"தான். விதி என்று சொல்லும்போது யார் வாயிலும் அது வராது.

பொறுப்புப் பற்றி: நான்காம் பாகம் 63ஆம் தேற்றத்தின் குறிப்பில் ஒரு நீதிபதி வருகிறார். குற்றவாளியை வெறுப்பாலோ கோபத்தாலோ அல்லாமல் பொது நன்மை கருதியே தண்டிக்கிற நீதிபதி, பகுத்தறிவால் மட்டும் நடத்தப்படுகிறார் என்கிறார். தாமதத்தைத் தாமதம் என்று சொல்லலாம், சொல்லவும் வேண்டும். அதற்கு வெறுப்பு தேவையில்லை, அவ்வளவுதான்.

இனி மருதமரத்துக்கு. மூன்றாம் பாகம் 49ஆம் தேற்றத்தை இன்னொரு தடவை படியுங்கள். காரணம் சமமாக இருந்தால், ஒன்றைச் சுதந்திரமானது என்று நாம் கற்பனை செய்யும்போது அதன் மேல் வரும் அன்பும் வெறுப்பும், அது அவசியத்தால் இயங்குகிறது என்று நினைக்கும்போது வருவதைவிடப் பெரிதாக இருக்கும். ஓடு விழுந்து மண்டை உடைந்தால் ஓட்டை நான்கு வருடம் வெறுக்க மாட்டோம். மனிதன் என்றால் வெறுப்போம், ஏனென்றால் அவன் காரணங்கள் எதுவும் இல்லாத வெட்டவெளியில் நின்று அதைத் தேர்ந்தெடுத்தான் என்று நமக்குத் தோன்றுகிறது. 1674இல் எழுதிய ஒரு கடிதத்தில், எறியப்பட்ட கல்லுக்கு நடுவழியில் நினைவு வந்தால், நானாகத்தான் பறக்கிறேன் என்று அது நம்பும் என்கிறார். அந்தக் கல்லைப் பற்றி நாம் கேட்க வேண்டியது அதை எறிந்த கை எது என்பதுதான்.

நீங்கள் எழுதியதில் அன்றிரவு அண்ணன் அப்படித்தான் நிற்கிறார். ஓம வாட்டர், "காலையில் பார்த்துக்கொள்ளலாம்", அவ்வளவுதான் இருக்கிறது. அவருக்கு முன்னும் இல்லை பின்னும் இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், ஒரு தாளில் அந்த முடிவுக்கு முன்னால் இருந்தவற்றை உங்களுக்குத் தெரிந்தவரை எழுதிப் பாருங்கள். அவரை மன்னிக்கச் சொல்லவில்லை. மன்னிப்பைப் பற்றி அந்த நூலில் கட்டளை எதுவும் இல்லை.

நிழற்குடை

கணக்கு டீச்சர் சொன்னதோடு ஐந்தாம் பாகம் 2ஆம் தேற்றத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓர் உணர்ச்சியை அதன் வெளிக் காரணத்தின் நினைப்பிலிருந்து பிரித்து வேறு எண்ணங்களோடு இணைத்தால், அந்த வெளிக் காரணத்தின் மேல் இருந்த அன்போ வெறுப்போ கலைந்துவிடும். வரையறை நமக்கு ஏற்கெனவே தெரியும், வெறுப்பு என்றால் துயரமும் 'இவரால்தான்' என்ற நினைப்பும். 'இவரால்தான்' என்பது பத்துக் காரணங்களில் ஒன்றாகிவிட்டால் வெறுப்பு அந்தப் பத்தின் மேலும் பரவி மெலிந்துபோகிறது. துயரம் மிச்சம் இருக்கும். அதை அவர் மறைக்கவில்லை.

மருதமரம்

மூன்று நாள் இந்தப் பக்கம் வரவில்லை. எழுதிப் பார்த்தேன். கேட்டுவிட்டுப் போனவன் பதில் சொல்லாமல் இருக்கக் கூடாது என்பதால் இங்கே போடுகிறேன்.

அப்பாவுக்கு 71 வயது. இறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு, தை மாதம், இதே மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார். அண்ணன் இரவு ஒரு மணிக்குத் தெருமுனை ஆட்டோக்காரரை எழுப்பி 14 கிலோமீட்டர் கூட்டிப்போனார். ஈசிஜி எடுத்தார்கள், இரத்தப் பரிசோதனை செய்தார்கள், ஒன்றும் இல்லை, வாயுதான் என்று ஊசி போட்டு விடிகாலையில் அனுப்பிவிட்டார்கள். அப்பா அதற்கப்புறம் ஒரு வாரம் அண்ணனைத் திட்டித் தீர்த்துவிட்டார். நடுராத்திரியில் ஊரைக் கூட்டி, நாலாயிரம் ரூபாயைத் தண்டம் அழுதாய் என்று. இதை எனக்கு ஃபோனில் சொன்னதும் அப்பாதான். நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன். "அண்ணன் எப்பவும் பதறும்பா" என்று சொன்னேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தார் என்று நினைக்கிறேன், பின்னால் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, நான் அதைச் சொன்னதும் நின்றது.

அன்றிரவு அப்பா சொன்னதாக அண்ணி துக்க வீட்டில் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்: "அன்னைக்கு மாதிரிதான்டா, நீ போய்ப் படு." இது எனக்கு நான்கு வருடமாகத் தெரியும். புதிதாக யாரும் வந்து சொல்லவில்லை. தை மாதம் ஒரு பெட்டியிலும் பங்குனி மாதம் வேறு பெட்டியிலும் இருந்தன, இரண்டையும் ஒரே தாளில் எழுதியபோதுதான் பக்கத்தில் பக்கத்தில் வந்தன.

கோபம் போய்விட்டதா என்றால், இல்லை. ஓம வாட்டர் பாட்டிலை நினைத்தால் இன்னும் தொண்டை அடைக்கிறது. ஆனால் அந்தப் பாட்டிலுக்குப் பின்னால் அண்ணனின் முகம் முன்போல உடனே வருவதில்லை. அப்பா கையை ஆட்டி "போய்ப் படு" என்பதுதான் வருகிறது. அழுகை வந்தது. நான்கு வருடத்தில் கோபம்தான் வந்துகொண்டிருந்தது, அழுகை வரவில்லை.

ஒரு சந்தேகம் மட்டும் இன்னும் இருக்கிறது. இப்போது என் மேலேயே கோபமாக இருக்கிறது, சிரித்ததற்கு. அண்ணனை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டால் என்ன லாபம்?

செவ்வந்தி கே

தம்பி, படித்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை.

அன்றைக்கு ஈசிஜி சரியாக இருந்திருக்கலாம். ஈசிஜி அந்த நேரத்து நிலையைத்தான் காட்டும், இரண்டு மாதம் கழித்து வரப்போவதைக் காட்டாது. இதை வீட்டுக்கு அனுப்பும்போது யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் உங்கள் அப்பா அண்ணனைத் திட்டியிருக்க மாட்டார். திட்டியிருக்காவிட்டால் அண்ணன் அன்றும் ஆட்டோவைக் கூப்பிட்டிருப்பார். நான் எத்தனை பேரிடம் இதைச் சொல்லாமல் "ஒண்ணுமில்லை, போங்க" என்று அனுப்பியிருப்பேன் என்று இரவெல்லாம் யோசித்தேன். கணக்கு டீச்சர் சொன்ன வித்தியாசம் எனக்கு இப்போது விளங்குகிறது. விதி என்று சொன்னால் நான் இதை யோசித்திருக்கவே மாட்டேன். நான் ஓய்வு பெற்றுவிட்டேன், ஆனால் எங்கள் வார்டில் இன்னும் இருக்கிற பிள்ளைகளிடம் இதைச் சொல்லப்போகிறேன். பரிசோதனை சரியாக இருந்து வீட்டுக்கு அனுப்பும்போதும், மறுபடி வந்தால் மறுபடியும் வாருங்கள், திட்டமாட்டோம், வீட்டிலும் யாரும் திட்டாதீர்கள் என்று.

கணக்கு டீச்சர்

மருதமரம், உங்கள் கடைசிக் கேள்விக்கு அந்த நூலிலேயே பதில் இருக்கிறது. நான்காம் பாகம் 54. செய்ததற்கு மனம் வருந்துவது ஓர் அறம் அல்ல, அது பகுத்தறிவிலிருந்து பிறப்பதில்லை, வருந்துகிறவன் இரண்டு மடங்கு துன்பப்படுகிறான் என்கிறார். முதல் தடவை படித்தபோது ரொம்பக் கடுமையாக இருந்தது. இப்போது அது கருணையாகத் தெரிகிறது. அண்ணனுக்குக் கொடுத்த காரணச் சங்கிலியை உங்களுக்கும் கொடுங்கள். நீங்கள் சிரித்தது அப்பாவைக் கொஞ்ச நேரம் சந்தோஷப்படுத்த. புனேயில் இருக்கிற பிள்ளையால் ஃபோனில் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

கோபம் போகவில்லையே என்று கவலைப்படாதீர்கள். 1672 ஆகஸ்டில் நெதர்லாந்தின் ஹேக் நகரத்தில், அந்நாட்டு அரசியல் தலைவர்களான டி விட் சகோதரர்களை ஒரு கும்பல் அடித்துக் கொன்று உடல்களைச் சிதைத்தது. ஸ்பினோசா அப்போது அதே ஊரில் குடியிருந்தார். காட்டுமிராண்டிகளிலும் கடைகெட்டவர்கள் என்று பொருள்பட லத்தீனில் ஒரு தட்டி எழுதி, அந்த இடத்திலேயே கொண்டுபோய் வைக்க இரவில் கிளம்பினாராம். வீட்டுக்காரர் கதவைப் பூட்டி வைத்துவிட்டார், வெளியே போனால் இவரையும் கொன்றுவிடுவார்கள் என்று. இதை அவரே ஜெர்மானியத் தத்துவவாதி லைப்னிட்ஸிடம் சொல்லியிருக்கிறார், லைப்னிட்ஸ் குறித்து வைத்திருக்கிறார். மனிதர்களின் செயல்களைக் கோடுகளைப்போல ஆராய்வேன் என்று எழுதிய அதே மனிதர்தான். அதற்காக மூன்றாம் பாகம் பொய்யாகிவிட்டது என்று எனக்குத் தோன்றவில்லை. அன்றிரவு அவரைக் காப்பாற்றியது பூட்டு.

மருதமரம்

நன்றி எல்லாருக்கும். பங்குனியில் அப்பாவின் திவசம் வருகிறது. இதுவரை நான் இங்கேயே தனியாகச் செய்துகொண்டிருந்தேன். நேற்று அண்ணன் நம்பரை எடுத்தேன், கூப்பிடவில்லை, வாட்ஸ்அப்பில் "திவசத்துக்கு ஊருக்கு வர்றேன்" என்று மட்டும் போட்டேன். ஒரு மணி நேரம் கழித்து, எந்த வண்டிக்கு வருகிறாய், ஆட்டோ அனுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறார்.